சப்பாத்து எங்கே கடிக்கிறது? மட்டக்களப்பில் ஓடுகிறவர்களுக்கு

விடிய எழும்பிக் கல்லடிக் கடற்கரைப் பக்கமோ வெபர் மைதானத்திலோ ஓடுகிறவர்களிடம் கால் நோவைப் பற்றிக் கேட்டால், பலர் முதலில் சொல்வது "இந்தச் சப்பாத்துச் சரியில்லை, நல்ல பிராண்ட் ஒன்று வாங்கவேணும்" என்பதுதான். வாங்குகிறார்கள். நோவு இடம் மாறுகிறது, போவதில்லை. நான் பார்த்த அளவில் பிராண்ட் குற்றவாளியாக இருப்பது குறைவு. பிழை நீளத்தில் இருக்கும், அகலத்தில் இருக்கும், லேஸ் கட்டிய விதத்தில் இருக்கும், இல்லாவிட்டால் சப்பாத்தின் வயதில் இருக்கும். அதிலும் நம் ஆட்கள் திரும்பத் திரும்பச் செய்வது ஒன்று உண்டு: அகலம் போதாத சப்பாத்துக்கு மருந்தாக நீளம் கூடிய சப்பாத்தை வாங்குவது. கீழே வரும் நோவுகளில் பாதிக்கு மூலம் அதுதான்.

உங்கள் நோவு எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் அதற்கு முன் ஓர் அளவு எடுத்து வையுங்கள்.

கடதாசியும் பென்சிலும்

பின்னேரத்தில் அளக்கவேண்டும். பகல் முழுக்க நின்று நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். ஓடும்போதும் கால் அப்படித்தான் வீங்கும். ஓடும்போது போடும் மேசுகளை (காலுறைகளை) மாட்டிக்கொண்டு, கடதாசியின் மேல் முழுப் பாரத்தையும் வைத்து எழும்பி நில்லுங்கள். வேறொருவர் பென்சிலை நேராக நிமிர்த்திப் பிடித்துக் காலைச் சுற்றிக் கோடு போடட்டும். குதியிலிருந்து மிக நீண்ட விரல் வரை நீளம். பெருவிரல் மூட்டிலிருந்து சின்னவிரல் மூட்டு வரை அகலம். சிலருக்குப் பெருவிரலைவிட இரண்டாம் விரல் நீளம். அப்படியென்றால் இரண்டாம் விரல்தான் கணக்கு. இரண்டு கால்களையும் அளவுங்கள், ஒன்று கொஞ்சம் பெரிதாக இருப்பது வழக்கம். பெரிய காலுக்குத்தான் சப்பாத்து.

இனிச் சப்பாத்தின் உள்ளே கிடக்கும் இன்சோலை வெளியே இழுத்துத் தரையில் வைத்து அதன்மேல் ஏறி நில்லுங்கள். மிக நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கைப் பெருவிரல் அகலம், குறைந்தது 10 முதல் 12 மில்லிமீற்றர், மிச்சம் இருக்கவேண்டும். இரண்டு பக்கத்திலும் கால் இன்சோலைத் தாண்டி வழியக்கூடாது. கடையில் இன்சோலைக் கழற்றினால் சிலர் முறைப்பார்கள். பரவாயில்லை, காசு கொடுப்பது நீங்கள். சப்பாத்தைக் கையால் அமுக்கிப் பார்ப்பதைவிட இந்தச் சோதனை நம்பத் தகுந்தது, ஏனென்றால் மேல்துணி இளகி ஏமாற்றும், இன்சோல் ஏமாற்றாது.

பெருவிரல் நகம் கறுத்துப்போகிறது

நகத்துக்கு அடியில் இரத்தம் கண்டினால்தான் அந்தக் கறுப்பு. விரல் நுனி சப்பாத்தின் முன்பக்கத்தில் மறுபடி மறுபடி இடிபடுகிறது. எல்லோரும் "சப்பாத்துச் சின்னன்" என்று முடிவு கட்டிவிடுவார்கள். அது பாதி உண்மை.

லேஸைக் கட்டிக்கொண்டு நின்று முன்பக்கத்தை அமுக்கிப் பாருங்கள். கைப் பெருவிரல் அகலத்துக்கு இடம் இல்லையென்றால் சப்பாத்துச் சின்னன்தான். அரைச் சைஸ் கூட்டுங்கள். யூகே அளவில் ஒரு முழுச் சைஸுக்கு 8.5 மில்லிமீற்றர் வித்தியாசம், அரைச் சைஸுக்கு அதில் பாதி. ஆகவே அரைச் சைஸ் என்பது அற்பம் அல்ல.

முன்னால் இடம் தாராளமாக இருந்தும் நகம் கறுக்கிறதென்றால் கதை வேறு. கால் உள்ளே வழுக்கி ஓடிப்போய் முன்னால் இடிக்கிறது. அகலத்துக்காகப் பெரிய சைஸ் எடுத்தவர்களிடம் இதை நிறையப் பார்க்கலாம்: சின்னவிரலுக்கு நோகாமல் இருக்க ஒரு சைஸ் கூட்டுவார்கள், குதிப்பக்கம் தொளதொளவென்று ஆகும், ஒவ்வொரு அடிக்கும் கால் முன்னோக்கிச் சறுக்கும், நகம் போகும். பிறகு "இன்னும் சின்னன் போல" என்று மேலும் ஒரு சைஸ் கூட்டுவார்கள். இவர்களுக்குத் தேவை குதியை இறுக்கிப் பிடிக்கும் லேஸ் கட்டு. அதைக் கீழே குதி பற்றிய பகுதியில் சொல்கிறேன்.

நகத்தை நேராக, குட்டையாக வெட்டிவையுங்கள். கறுத்த நகம் வளர்ந்து விழச் சில மாதம் எடுக்கும், அதுவரை ஓடலாம். ஆனால் நகத்துக்கு அடியில் துடித்துத் துடித்து நொந்தால் வைத்தியரிடம் காட்டுவதுதான் சரி. வீட்டில் ஊசியைச் சூடாக்கும் விளையாட்டு வேண்டாம்.

சின்னவிரல் பக்கம் நசிகிறது, விரல்கள் விறைக்கின்றன

இது அகலத்தின் பிரச்சினை. நம் இடத்தில் இதுதான் பெரிய பிரச்சினை என்பது என் கணிப்பு.

வெறுங்காலிலும் செருப்பிலும் வளர்ந்த காலுக்கு முன்பாதம் விரிந்திருக்கும். சின்ன வயது முழுக்கச் சப்பாத்துக்குள் அடைபட்டு வளர்ந்த கால் அவ்வளவு விரிவதில்லை. பள்ளிக்கூட வெள்ளைச் சப்பாத்தைத் தவிர மற்ற நேரமெல்லாம் மணலில் திரிந்தவர்கள் நாங்கள். இல்ல விளையாட்டுப் போட்டியில் பிள்ளைகள் அந்தச் சப்பாத்தையும் கழற்றி வீசிவிட்டு வெறுங்காலோடுதான் நூறு மீற்றர் ஓடுவார்கள். அந்தக் காலைக் கொண்டுபோய் ஒடுக்கமான அச்சில் செய்த சப்பாத்துக்குள் திணித்தால் அது கத்தத்தான் செய்யும்.

கடைக்காரர் "போடப் போட இளகும் தம்பி" என்பார். தோல் சப்பாத்துக்கு அது ஓரளவு உண்மை. ஓட்டச் சப்பாத்தின் மேல்துணி கொஞ்சம் இளகலாம். கால் நிற்கிற அடித்தளம் இளகாது. கடையில் நசிகிற சப்பாத்து ஐந்தாவது கிலோமீற்றரில் இன்னும் மோசமாக நசியும், ஏனென்றால் அதற்குள் கால் வீங்கிவிடும்.

அகலத்துக்கும் சைஸ் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. ஆண்கள் சப்பாத்தில் டி என்பது சாதாரண அகலம், 2ஈ அகலம், 4ஈ மிக அகலம். பெண்கள் சப்பாத்தில் பி சாதாரணம், டி அகலம். நியூ பேலன்ஸ், புரூக்ஸ், அசிக்ஸ் போன்றவை ஒரே மாடலைப் பல அகலங்களில் செய்கின்றன. நம் நகரத்துக் கடைகளில் அகல எழுத்துப் பார்த்து எடுக்கும் வாய்ப்புக் குறைவு. ஆகவே கிடைக்கும் மாடல்களை ஒவ்வொன்றாகப் போட்டு, இன்சோல் சோதனை செய்து, முன்பக்கம் அகன்றதைத் தேடவேண்டும். பெண்களுக்கு ஒரு குறுக்குவழி: ஆண்கள் மாடலில் தம் நீளத்துக்குச் சமமானதைப் போட்டுப் பாருங்கள், ஆண்களின் சாதாரண டி அகலம் உங்களுக்கு அகலச் சப்பாத்து.

புதிது வாங்க இப்போது வசதியில்லையா? லேஸை முழுக்கக் கழற்றி, முன்னால் இருக்கும் முதல் இரண்டு துளைகளை விட்டுவிட்டு மூன்றாவதிலிருந்து கோத்துக் கட்டுங்கள். முன்பாதத்துக்குக் கொஞ்சம் மூச்சு வரும். தடித்த மேசுகளை விட்டு மெல்லியவற்றைப் போடுங்கள். அதற்கும் விறைப்பு நிற்கவில்லையென்றால் அந்தச் சப்பாத்தை நடைக்கு ஒதுக்கிவிடுங்கள். மூன்றாம் நான்காம் விரல்களுக்கு இடையில் எரிவும், கூழாங்கல்லை மிதிப்பதுபோன்ற உணர்வும் சப்பாத்தைக் கழற்றிய பிறகும் இருந்தால், அங்குள்ள நரம்பு தடித்திருக்கக்கூடும். அது வைத்தியர் பார்க்கவேண்டியது.

சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு விறைப்பு என்பது சப்பாத்தின் குற்றமாக இல்லாமலும் போகலாம். உணர்ச்சி குறைந்த காலுக்குச் சப்பாத்துக் கடிப்பதே தெரியாது. கழற்றும்போதுதான் புண்ணைக் காண்பார்கள். போடும் முன் கையை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள், ஓடிவந்த பின் கண்ணாடி வைத்தாவது உள்ளங்காலைப் பாருங்கள். சின்னக் கொப்புளமென்றாலும் கிளினிக்கில் காட்டுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்த சப்பாத்துப் பொருந்தவில்லை

அண்ணன் கனடாவிலிருந்தோ சித்தப்பா சுவிஸிலிருந்தோ போன் எடுத்து "சைஸ் என்ன?" என்று கேட்பார். "எட்டு" என்று சொல்லி வைத்துவிடுவோம். எந்த எட்டு?

ஆண்களின் யூஎஸ் அளவு யூகே அளவைவிட அரையிலிருந்து ஒன்று வரை கூடியது, நிறுவனத்தைப் பொறுத்து. ஆகவே யூகே 8 போடுகிறவருக்குக் கனடாவில் 8 என்று வாங்கினால் காலை இறுக்கும். பெண்களின் யூஎஸ் இலக்கம் அதிலும் தூரம்: யூகேயைவிட இரண்டு வரை கூடியிருக்கும். ஈயூ இலக்கம் வேறொரு கணக்கு, அதில் ஒரு சைஸ் என்பது கிட்டத்தட்ட 6.7 மில்லிமீற்றர்.

சப்பாத்தின் நாக்குக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் சீட்டில் சென்ரிமீற்றர் அளவும் பெரும்பாலும் இருக்கும். இப்போது உங்களுக்குப் பொருந்தும் சப்பாத்தின் சீட்டைப் படமெடுத்து அனுப்புங்கள். கூடவே காலைச் சுற்றிப் போட்ட கோட்டின் நீளம், அகலம் இரண்டையும் மில்லிமீற்றரில் எழுதுங்கள். பெட்டியில் "வைட்" என்று இருப்பதைப் பார்க்கும்படி சொல்லுங்கள். அனுப்புகிறவர் அன்பில் வாங்குகிறார். பொருந்தவில்லை என்று பிறகு வாய்திறந்து சொல்ல நம்மில் யாருக்கும் மனம் வராது, அதனால் முதலிலேயே இலக்கத்தைக் கொடுத்துவிடுவது எல்லோருக்கும் நல்லது.

பாதத்தின் மேல்பக்கம் நோகிறது

லேஸ் இறுக்கம். வேறொன்றுமில்லை, பத்தில் ஒன்பது தடவை. நோகும் இடத்துக்கு மேலே மட்டும் லேஸைக் குறுக்காகப் போடாமல், அதே பக்கத்துத் துளைக்கு நேராக மேலே கொண்டுபோய், அதற்குப் பிறகு வழக்கம்போலக் குறுக்கிடுங்கள். அந்த இடத்தில் ஒரு ஜன்னல் திறந்துவிடும். லேஸை மாற்றியும் எலும்பில் ஒரே புள்ளியில் நோவு நின்றால் ஓட்டத்தை நிறுத்துங்கள். எலும்பில் வெடிப்பு இருக்கலாம்.

குதி சப்பாத்துக்குள் மேலே கீழே போகிறது, பின்பக்கம் உரிகிறது

சப்பாத்தின் கடைசித் துளைக்குப் பக்கத்தில், கொஞ்சம் பின்னால் தள்ளி, இன்னொரு துளை இருக்கும். பலர் அதைக் கவனிப்பதேயில்லை. லேஸை அந்தத் துளைக்குள் வெளியிலிருந்து உள்ளே விட்டு, அதே பக்கத்தில் ஒரு சின்ன வளையம் உண்டாக்குங்கள். மற்றப் பக்கத்திலும் அப்படியே. இனி ஒவ்வொரு லேஸ் நுனியையும் எதிர்ப்பக்க வளையத்துக்குள் விட்டு, கீழ்நோக்கி இழுத்து இறுக்கிக் கட்டுங்கள். குதி பின்னால் போய் உட்கார்ந்துவிடும். முன்பாதத்தை இறுக்காமல் குதியை மட்டும் பிடிக்கும் வழி இது. அகன்ற முன்பாதமும் ஒடுங்கிய குதியும் உள்ளவர்களுக்கு இதைவிட மலிவான வைத்தியம் இல்லை.

இதைச் செய்தும் குதி விரலளவு உயர்ந்தால் சப்பாத்துப் பெரிது. குதிக்குப் பின்னால் எலும்பு புடைத்து, அந்தப் புடைப்பில் சப்பாத்தின் கடினமான பின்சுவர் உரசுகிறதென்றால் இறுக்குவது நோவைக் கூட்டும். அவர்களுக்குப் பின்பக்கம் மெத்தென்று மடியும் மாடல் வேண்டும். கடையில் பின்சுவரை இரண்டு விரலால் நசித்துப் பார்த்தே அதைக் கண்டுபிடிக்கலாம்.

கொப்புளம் போடுகிறது

கொப்புளம் எங்கே வருகிறது என்பதுதான் முழு விசாரணையும். ஈரம், சூடு, உரசல் மூன்றும் சேர்ந்தால் கொப்புளம். நம் ஊரில் முதல் இரண்டும் இலவசம்.

மேசிலிருந்து தொடங்குங்கள். பருத்தி மேசு வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், விடாது. கல்லடியில் ஆறரைக்கு ஓடி முடிக்கும்போது பருத்தி மேசைப் பிழிந்தால் தண்ணீர் வரும். பொலியெஸ்டர் அல்லது நைலோன் கலந்த மேசு, தையல் விரல் நுனியில் தடித்து நிற்காததாக, இரண்டு சோடி போதும். உரசும் இடத்தில் கொஞ்சம் வாசலின் பூசுங்கள்.

அடுத்தது மணல். ஓட்டச் சப்பாத்தின் மேல்துணி காற்றுப் போவதற்காக வலைபோல நெய்யப்பட்டது. கடற்கரையில் அந்த வலைக்குள்ளால் மணல் வந்து இன்சோலுக்குக் கீழே போய்ச் சேரும். ஓடி முடித்த பின் இன்சோலை எடுத்துத் தட்டுங்கள். அதை எடுக்காமல் சப்பாத்தை மட்டும் தலைகீழாகத் தட்டினால் பாதி மணல் உள்ளேயே இருக்கும், அடுத்த நாள் அதுதான் உள்ளங்காலை அரைக்கும். கடல் தண்ணீர் பட்டிருந்தால் நல்ல தண்ணீரில் அலசுங்கள். உப்புக் காய்ந்தால் துணி விறைத்துக் கத்திபோல் உரசும்.

அதற்கும் மேலே ஓர் அடையாளம் இருக்கிறது, கடற்கரையில் ஓடுகிறவர்களுக்காக. நம் கரையில் வற்றுப்பெருக்குச் சிறியது; ஆகவே ஓடத் தகுந்த இறுகிய ஈரமணல் ஒரு ஒடுக்கமான பட்டிதான், அதுவும் கடலை நோக்கிச் சாய்ந்திருக்கும். கடல் உங்கள் இடது கையில் இருக்க ஓடினால் இரண்டு கால்களும் சப்பாத்துக்குள் இடது பக்கம் வழியும். இடது காலில் வெளி ஓரமும் வலது காலில் உள் ஓரமும் கொப்புளிக்கும். அப்படி எதிரெதிர் ஓரங்களில் கொப்புளம் வந்தால் சப்பாத்தை மாற்றாதீர்கள், சப்பாத்தில் பிழையில்லை. போன வழியே திரும்பி வாருங்கள், சாய்வு சமனாகிவிடும். பாசிக்குடாவைப்போலச் சாய்வு குறைந்த கரையில் இது அவ்வளவு தெரியாது.

இதே வித்தை தார் வீதியிலும் உண்டு. வீதி நடுவில் உயர்ந்து ஓரத்துக்குச் சாயும். எதிரே வரும் வாகனத்தைப் பார்த்து வலது ஓரத்தில் ஓடுவது பாதுகாப்பு, அப்படித்தான் ஓடவேண்டும்; ஆனால் அங்கே வலது கால் எப்போதும் தாழ்வில் விழும். திரும்பி வரும்போதும் எதிரே வரும் வாகனத்தைப் பார்த்தே வருவதால் அதே வலது கால்தான் தாழ்வில். கடற்கரைபோல இது தானாகச் சமனாகாது. கிழமையில் சில நாள் மைதானத்துப் புல்லுக்கோ வாகனமில்லாத ஒழுங்கைக்கோ போய்விடுங்கள்.

உகந்தைக்குப் போய்க் காட்டுவழியால் கதிர்காமத்துக்கு நடக்கும் பாதயாத்திரைக்காரர்களும் இந்தப் பகுதியைப் படிக்கலாம். நாள் முழுக்க நடக்கும் கால் காலை ஓட்டத்துக் காலைவிடக் கூட வீங்கும். அரைச் சைஸ் பெரிதான, ஏற்கெனவே பழகிய சப்பாத்தே நல்லது. பொத்துவிலில் இறங்கிப் புதுச் சப்பாத்தைப் பிரிப்பது வேண்டாம். வெறுங்காலில் நடக்கிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை, அவர்கள் கணக்கு வேறு.

வந்த கொப்புளத்தின் தோலை உரிக்காதீர்கள். அந்தத் தோல்தான் இருக்கிற நல்ல கட்டு.

காலையில் கட்டிலால் இறங்கும்போது குதிக்கு அடியில் குத்துகிறது

முதல் சில அடிகள் குத்தி, பிறகு நடக்க நடக்கக் குறைகிற நோவு என்றால் உள்ளங்கால் தசைநார் நோவாக இருக்கக்கூடும். சப்பாத்து இதில் ஒரு பங்காளி மட்டும். வீட்டுக்குள் நாங்கள் செருப்புப் போடுவதில்லை. டைல்ஸ் தரையில் காலை முதல் இரவு வரை வெறுங்கால். ஓட்டச் சப்பாத்துக்கு முப்பதாயிரம் கொடுத்துவிட்டு மிச்ச நேரமெல்லாம் கல்லில் குதியைக் குத்தினால் சப்பாத்து என்ன செய்யும்? வீட்டுக்குள் மட்டும் போடவென்று சுத்தமான, மெத்தென்ற செருப்பு ஒன்றை ஒதுக்கி வையுங்கள். வெளியே போகும்போது போடும் பாட்டாச் செருப்புத் தேய்ந்து தகடாகியிருந்தால் அதையும் மாற்றுங்கள். கெண்டைக்காலைச் சுவரில் கைவைத்து நீட்டுகிற பயிற்சியை நாளும் செய்யுங்கள். இது ஆறக் கிழமைக் கணக்கில் அல்ல, மாதக் கணக்கில் ஆகும்.

குதிநாரும் கெண்டைக்காலும் இழுத்துப் பிடிக்கின்றன

சப்பாத்தில் குதி முன்பாதத்தைவிட எத்தனை மில்லிமீற்றர் உயரம் என்று ஒரு கணக்கு உண்டு. பழைய பாணிச் சப்பாத்துகளில் 10 முதல் 12, புதியவை பலவற்றில் 4 முதல் 8, சிலவற்றில் பூச்சியம். உயரம் குறையக் குறையக் கெண்டைக்காலுக்கும், அதைக் குதியோடு இணைக்கும் குதிநாருக்கும் வேலை கூடும். கூடக்கூட முழங்காலுக்குப் பாரம் போகும். முன்பக்கம் அகன்றது என்று யாரோ சொல்ல, அல்ட்ரா போன்ற பூச்சிய உயரச் சப்பாத்தை எடுத்தவர்களுக்கு விரல்கள் சுகமாகவும் கெண்டைக்கால் கல்லாகவும் இருப்பது இதனால்தான். சப்பாத்து நல்லது, மாறிய வேகம்தான் பிழை. பழையதையும் புதியதையும் மாறிமாறிப் போட்டு, புதியதில் ஓடும் தூரத்தைக் கிழமை கிழமையாகக் கூட்டுங்கள்.

மென்மணலில் ஓடினாலும் இதேதான் நடக்கும்: குதி புதைகிறது, நார் இழுபடுகிறது. குதிநார் நோகும் காலத்தில் கடற்கரை வேண்டாம். மணல் மெத்தையென்று நினைத்துத்தான் பலர் அங்கே போகிறார்கள்.

முன்னங்கால் எலும்பு, முழங்கால்

இரண்டையும் சேர்த்துச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இவை பெரும்பாலும் சப்பாத்துக் கேள்வி அல்ல. நேற்று வரை ஓடாதவர் பெப்ரவரியில் மெய்வல்லுநர் போட்டி என்று ஜனவரியில் நாளும் ஓடினால் முன்னங்கால் நோகும். தூரத்தைக் குறையுங்கள். நீளத்துக்கு நோகாமல், ஒரு விரல் நுனியால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே இடத்தில் நொந்தால், ஒற்றைக்காலில் துள்ளும்போது அங்கே குத்தினால், இரவிலும் நொந்தால், ஓடாமல் வைத்தியசாலைக்குப் போங்கள்.

முழங்கால் நோவுக்கு "உங்களுக்குத் தட்டைப்பாதம், அதற்கென்று தனிச் சப்பாத்து வேணும்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். ஈரக்காலைச் சீமெந்துத் தரையில் பதித்துப் பார்க்கும் சோதனையும் சொல்லியிருப்பார்கள். அமெரிக்கப் படைகளின் அடிப்படைப் பயிற்சியில் ஆயிரக்கணக்கானோருக்கு இப்படிப் பாத வளைவைப் பார்த்துச் சப்பாத்துக் கொடுத்து, மற்றவர்களுக்கு ஒரே வகையைக் கொடுத்து, 2009ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆய்வுகள் வெளிவந்தன. காயங்களில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆகவே ஈரத்தடம் உங்கள் பாதத்தைப் பற்றிச் சொல்லும், சப்பாத்தைத் தேர்ந்து தராது. கடையில் போட்டுச் சில நிமிடம் ஓடிப் பார்க்கும்போது எது வசதியாக இருக்கிறதோ அதை எடுங்கள். கடைக்கு வெளியே வீதியில் ஓட விடமாட்டார்களென்றால் உள்ளேயே துள்ளிப் பாருங்கள்.

மழைக்காலத்தில் வழுக்குகிறது

ஐப்பசி பிறந்து தை வரை நம் பக்கம் ஈரம்தான். அடி ரப்பரில் வரிகள் தேய்ந்து மொழுமொழுவென்று ஆகியிருந்தால் அந்தச் சப்பாத்தை மழைக்கு எடுக்காதீர்கள். புதிதாக இருந்தும் வழுக்கினால் அது நீங்கள் ஓடும் இடம்: பாசி பிடித்த கொங்கிறீட் ஒழுங்கை, வீதியில் தீட்டிய வெள்ளைக் கோடு, கடைவாசல் டைல்ஸ். எந்த ரப்பரும் பாசியை வெல்லாது. அடியில் பற்கள் வைத்த காட்டுப்பாதைச் சப்பாத்துக் கிறவலுக்கும் சேற்றுக்கும் நல்லது. நனைந்த காப்பற் வீதியில் அந்தப் பற்கள் உதவி செய்யாது, ரப்பர் தரையைத் தொடும் பரப்பைக் குறைக்கும்.

மணக்கிறது, காயவே மாட்டேன் என்கிறது

இன்சோலையும் லேஸையும் கழற்றுங்கள். உள்ளே பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கித் திணித்து, காற்றாடிக்குக் கீழே வையுங்கள். தாள் நனைந்ததும் மாற்றுங்கள். நடு அடியில் இருக்கும் நுரை சூட்டைத் தாங்காது. உச்சி வெயிலில் கூரைமேல் வைப்பது, அடுப்படியில் வைப்பது, பூட்டிய வாகனத்துக்குள் விடுவது எல்லாம் நுரையைச் சுருக்கி, பசையை இளக்கும். வாசிங் மெசினும் வேண்டாம். வசதியிருந்தால் மாரிக்கு இரண்டு சோடி வைத்து மாறிமாறிப் போடுங்கள். வெளியில் காயவைத்ததைப் போடும் முன் ஒருமுறை தட்டுங்கள், தேள் நம் வீட்டு ஆள்தான்.

முன்பு சுகமாக இருந்தது, இப்போது எல்லா இடமும் நோகிறது

வயது. ஓட்டச் சப்பாத்தின் ஆயுள் ஏறத்தாழ 500 முதல் 800 கிலோமீற்றர். கிழமைக்கு 20 கிலோமீற்றர் ஓடினால் ஆறு முதல் ஒன்பது மாதம். பாரமானவர்களுக்கு அதிலும் குறையும். அடி ரப்பர் புதிதுபோல இருக்கும்போதே உள்ளே நுரை இறந்திருக்கும். மேசையில் வைத்துப் பின்பக்கத்திலிருந்து கண்மட்டத்தில் பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் முடிந்தது. குதியின் வெளி ஓரம் மட்டும் தேய்வது பெரும்பாலோருக்கு நடப்பது, அதைப் பார்த்துப் பயப்படவேண்டாம்.

ஓடாமலே சோல் கழன்றுவிட்டது

அலுமாரியில் பத்திரமாக வைத்த சப்பாத்து, மூன்று நான்கு வருடம் கழித்து எடுத்துப் போட்ட அன்றே அடி பிளந்து விழும். ஏமாற்றிவிட்டார்கள் என்று விற்றவரைத் திட்டுவார்கள். பொலியூரித்தேன் என்ற வகை நுரையைக் காற்றிலுள்ள ஈரம் மெல்ல மெல்ல உடைக்கும்; போடாமல் வைத்தாலும் அது உடையும், நம் வாவிக்கரை ஈரத்தில் சீக்கிரமாகவே. ஓட்டச் சப்பாத்துகளில் அதிகம் இருக்கும் ஈவிஏ நுரைக்கு இந்த வருத்தம் இல்லை, ஆனால் பசை அதிலும் விடும். அதனால் பரிசாக வந்ததை மகனின் போட்டிக்கென்று பூட்டி வைக்காமல் இப்போதே போடவிடுங்கள். அவன் காலும் அதற்குள் இரண்டு சைஸ் வளர்ந்திருக்கும்.

கழன்ற இடத்தை விரலால் தேய்த்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் உறுதியாக, பசை மட்டும் விட்டிருந்தால் சப்பாத்துத் தைப்பவரிடம் கொடுத்து ஒட்டி, ஓரத்தைச் சுற்றித் தைக்கச் சொல்லுங்கள். தையல் நுரைக்குள் ஆழமாக இறங்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். தேய்க்கும்போது நுரை தூளாக உதிர்ந்தால் ஒட்டப் பிடிப்பே இராது. லேஸையும் இன்சோலையும் எடுத்து வைத்துக்கொண்டு மிச்சத்தை வீசிவிடலாம்.